பிறப்புச் சான்றிதழில் என் பெயர்

1

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுக்கு வரும் தபாலில் பாதிக்கு மேல் ஏ. செல்வராஜ் என்ற பெயருக்குத்தான் வரும். அது நானா, என் மகனா என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவன் வேறு ஊருக்குக் குடிபோய் நாலு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவனுடைய பழைய விலாசம் பல அலுவலகங்களில் இன்னும் அப்படியே கிடக்கிறது. பிரித்துப் பார்த்து, எனக்கில்லை என்று தெரிந்தால் அவனுக்குப் போன் செய்வேன்.

போன வாரம் அப்படி ஒன்றைப் பிரித்தேன். ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த கடிதம். அடுத்த புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அடையாள அட்டையுடன் வந்து மாதிரி கொடுக்க வேண்டும். பரிசோதனையின் நோக்கம் என்ற இடத்தில், குழந்தையின் தகப்பன் யார் என்று உறுதி செய்வது என எழுதியிருந்தது.

நான் அந்த உறையை மறுபடி ஒட்டப் பார்த்தேன். என் மனைவி சாந்தி அதைக் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"பிரிச்சாச்சு. இனிமே ஒட்டி என்ன ஆவப்போவுது?"

ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலர் இந்தக் கதையில் பாதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பாதியும் என்னைப் பற்றித் தவறாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுவதையும் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். பெயர்களில் இருந்த குழப்பத்தை மாற்றவில்லை.

முதலில் அந்தக் குழப்பம். என் அப்பா பெயர் அருணாசலம். நம் வழக்கப்படி அதன் முதல் எழுத்து எனக்கு இனிஷியல், நான் ஏ. செல்வராஜ். மகன் பிறந்ததும் தாத்தா பெயர் வைக்க வேண்டும் என்றார்கள். சுருக்கி அருண் என்று வைத்தோம். பெரம்பலூரிலேயே இருந்திருந்தால் அவன் எஸ். அருண் ஆகியிருப்பான். அவனுக்கு நாலு வயதில், சாந்தியின் நர்ஸ் வேலைக்காக இங்கே வந்தோம். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அதில் என் பெயரை எழுதினேன். அன்று முதல் அவன் அருண் செல்வராஜ். சுருக்கினால் ஏ. செல்வராஜ். இருபத்து மூன்று வருடமாக அது எங்களுக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

2

ஒன்பது மாதத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, என் தம்பி மனோகரன் பெரம்பலூரிலிருந்து கூப்பிட்டான். துறையூர் சாலையில் விதைக்கடை வைத்திருக்கிறான். எங்கள் பூர்வீக வீட்டில் இருப்பவனும் அவன்தான்.

"அண்ணே, அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

"அடுப்படியில இருக்கா. ஏன்?"

"நீ கொஞ்சம் வெளிய வாயேன்."

தோட்டத்துக்குப் போனேன்.

"ஒன்னு கேக்குறேன், தப்பா நெனச்சுக்காத. ரெண்டு வருசம் முன்னாடி பட்டா மாத்த வந்தியே, ஆறு வாரம் இருந்தியே..."

"ஆமா."

"அடிக்கடி அரியலூர் போனியே."

"அருணைப் பாக்கப் போனேன். அவன் அங்கதானே வேலையில இருந்தான்."

"அருணை மட்டுந்தான் பாத்தியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அரியலூர் கோர்ட்லேர்ந்து காயிதம் வந்திருக்குண்ணே. ஏ. செல்வராஜுன்னு உன் பேருக்கு. ஒரு பொம்பளப் புள்ளைக்கு நீதான் தகப்பனாம். கல்யாணம் பண்ணல, ஆனா புள்ளைக்கு ஜீவனாம்சம் குடுக்கணும்னு கேட்ருக்காங்க. பொறப்புச் சான்றிதழ் நகல் வெச்சிருக்காங்க. அதுலயும் தகப்பன் பேரு நீதான்."

"எனக்கு அம்பத்தாறு வயசுடா."

"அதைத்தான் நானும் கடையில சொன்னேன்."

"கடையில சொன்னியா?"

"கையெழுத்துப் போட்டு வாங்குறப்ப நாலு பேரு நின்னாங்க. நான் கண்ணாடி போடல. அதுல ஒருத்தரு படிச்சுக் காட்டுனாரு."

"என்ன சொன்னாங்க?"

"பாத்தா தெரியல, கெட்டிக்காரருதான்னாங்க."

உள்ளே போய் சாந்தியிடம் அப்படியே சொன்னேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் சிரித்தாள். கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்களுக்கா? ரெண்டு மாடி ஏறினா நடுவுல நிக்கிறீங்க. யாரு அந்தப் பொண்ணு?"

"கலைவாணியாம். சிமென்ட் ஆலை லேப்ல கெமிஸ்ட்."

சொல்லும்போதே எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியுமா அவள?"

"ஒரு தடவை பாத்திருக்கேன்," என்றேன். "அருண்தான் கூட்டிட்டு வந்தான்."

3

இங்கே வருவதற்கு முன் நான் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நாலு வருடம் வேலை பார்த்தேன். இப்போது தண்ணீர் வழங்கும் நிறுவனம் ஒன்றில், தினம் எண்பது பாட்டில் தண்ணீரைச் சோதிக்கிறேன். அருண் படித்து முடித்து, ஆலைகளுக்குச் சூளை எந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அவர்கள் அவனைப் பதினாலு மாதம் அரியலூருக்கே அனுப்பினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு நான் பட்ட சந்தோஷம் இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் விட்டுவிட்டு வந்த ஊர் அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், தமிழ் சரளமாகிவிடும், எங்களைக் கொஞ்சம் புரிந்துகொள்வான் என்றெல்லாம் நம்பினேன்.

பட்டா வேலையாகப் பெரம்பலூர் வந்தபோது அவனைப் பார்க்கப் போனேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் முதலில் இருப்பதால் ஆலை வாசலில் அவன் செல்வராஜ் சார் ஆகிவிட்டிருந்தான். காவலாளி என்னிடம் பெயர் கேட்டு எழுதிவிட்டு, "அப்ப நீங்க பெரிய செல்வராஜ் சாரா?" என்றார்.

மதியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். உடன் ஒரு பெண்ணும் வந்தாள். "லேப்ல இருக்காங்க" என்று மட்டும் அருண் சொன்னான். அவள் இடது கையில் எழுதுகிறவள் போலும். அடிக்கடி தண்ணீர்க் குவளைக்கு இடது பக்கம் கை போனது. பரிமாறியவர் வலது பக்கம் வைத்த குவளையை அருண் பேச்சை நிறுத்தாமலே எடுத்து அவளுடைய இடது பக்கம் நகர்த்தி வைத்தான். பலமுறை செய்து பழகிய கை அது.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் சுண்ணாம்புக்கல்லின் தரம் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எந்த ஊர் என்று கேட்டால், எந்தத் தெரு என்று கேட்கத் தோன்றும். தெருவைக் கேட்டால் எந்த ஆட்கள் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் நான் அதற்கு ஏதாவது செய்ய வேண்டிவரும். எதுவும் தெரியாமல் விமானம் ஏறுவது சுலபமாக இருந்தது.

4

தம்பி கூப்பிட்ட மறுநாள் அருண் வந்தான். அவனுக்குத் தமிழ் நன்றாகவே வந்திருந்தது, பதினாலு மாதம் அரியலூரில் இருந்ததன் பலன். சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவ சொன்னப்ப நான் இங்க திரும்பி வந்துட்டேன்," என்றான். "எனக்கு டைம் வேணும்னு கேட்டேன். அப்புறம் அவ போன் பண்ணல."

"நீ பண்ணியா?" என்றாள் சாந்தி.

அவன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"அவளால பண்ண முடிஞ்சுதா?"

"நம்பர் மாத்திட்டேன்மா."

இதைச் சொன்னபோது அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை பிறந்தது அவனுக்குத் தெரியாதாம். பெண் குழந்தை என்று நான்தான் சொன்னேன். தம்பி அனுப்பியிருந்த காகிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இதுல உங்க பேருதானே இருக்கு?"

அவன் சூழ்ச்சியாகச் சொல்லவில்லை. பூட்டிய வீட்டில் ஒரு ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தவன் போலச் சொன்னான். அதனால்தான் அந்தப் படத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

பெரம்பலூரில் மனோகரன் பார்த்த வக்கீலும் அதே ஜன்னலைத்தான் காட்டினார். தம்பி அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்.

"உங்கண்ணன் வந்து ஆஜராவட்டும். டெஸ்ட் எடுக்கச் சொல்லுவோம். தகப்பன் இல்லேன்னு வந்துரும், கேஸ் போச்சு. ஆள மாத்திப் போட்ட பொண்ணுன்னு ஊரு பேசும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இன்னொரு தடவ கோர்ட்டுக்கு வரும்னு கேக்குறாரு. எனக்கும் அதுதாண்ணே சரின்னு படுது. அவங்க நம்ம ஆளுங்களும் இல்ல."

உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் நான் அதை மறுக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் பாட்டில்களுக்கு முன்னால் நின்றுகொண்டு அதையே யோசித்தேன். என்னைத் தடுத்தது நியாய உணர்வு இல்லை, ஆய்வுக்கூடப் புத்திதான். என் உடம்பின் கூறுகளில் பாதி மகனிடம் இருக்கும். அதில் பாதி அவன் மகளிடம் இருக்கும். நான் தகப்பன் இல்லை என்று சொல்லும் அதே காகிதம், இவன் இந்தக் குழந்தைக்கு அன்னியனும் இல்லை என்று காட்டிவிடலாம். எதிர்த் தரப்பில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

தம்பியிடம் சொன்னேன். "அப்ப டெஸ்ட் வேணாம்," என்றான் உடனே. "சும்மா மறுத்துரு."

சாந்தி அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணப் போய்ப் பாருங்க," என்றாள். "என்ன கேக்குறான்னாவது தெரிஞ்சுட்டு வாங்க."

5

திருச்சியில் இறங்கிப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் பாதி பஸ் கோயிலுக்கு இறங்கியது. அந்த நெரிசலில் என் கையில் கோர்ட் காகிதத்தின் நகல் இருந்த பை நசுங்கிவிட்டது. கடையில் தம்பியோடு உட்கார்ந்திருந்தபோது வெங்காய விதை வாங்க வந்தவர்கள் என்னை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்கள். ஒருவர் "லண்டன் எல்லாம் எப்படி, உடம்புக்கு ஒத்துக்குதா?" என்று விசாரித்தார். உடம்புக்கு என்பதை அழுத்திச் சொன்னார்.

திங்கட்கிழமை அரியலூர். கோர்ட்டுக்கு எதிரில் டீக்கடையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கலைவாணி, மடியில் குழந்தை, பக்கத்தில் அவள் அப்பா சின்னத்துரை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர். திருமழபாடிக்குப் பக்கத்தில் வீடு. அவரிடம்தான் போய் நின்றேன்.

"யாருங்க?"

"ஏ. செல்வராஜ்ங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவரு எங்க?"

"அந்தக் காகிதத்துல இருக்கிறது என் பேருங்க."

கலைவாணிக்கு முதலில் புரிந்தது. "அப்பா, இவரு அருணோட அப்பா. இவரு பேருதான் செல்வராஜ்."

"இனிஷியலு?"

"ஏ-தாங்க," என்றேன். "எங்கப்பா அருணாசலம்."

சின்னத்துரை டீ கிளாசைக் கீழே வைத்தார். "ஏங்க, அப்பனும் புள்ளையும் ஒரே பேர வெச்சிக்கிட்டுத் திரிஞ்சா நாங்க எப்படிங்க கண்டுபிடிக்கிறது? ஆலை கேட்டுல செல்வராஜ் சாருன்னாங்க. அவரு குடுத்த கார்டுலயும் ஏ. செல்வராஜுன்னுதான் இருந்துச்சு. ஏ-ன்னா அவங்கப்பன் பேரு எழுத்துன்னு நெனச்சேன். ஊருல யாருக்கு எப்படி இருக்குது? பெரம்பலூரு ஆஸ்பத்திரியில புருசன் பேரு என்னன்னு பாரத்த நீட்டுனாங்க. இது மயக்கத்துல கெடக்குது. நான்தான் எழுதுனேன். அதுவே சான்றிதழுக்கும் போயிருச்சு."

"எனக்கும் தப்பாத் தெரியலைங்க," என்றாள் கலைவாணி. "அருண் செல்வராஜ், அதான் ஏ. செல்வராஜ்னு விட்டுட்டேன். பெரம்பலூர்ல சித்தப்பா விதைக்கடைன்னு சொல்லியிருந்தாரு, அந்த விலாசத்தையே குடுத்துட்டோம்."

"காயிதத்தப் பாத்து உங்க வூட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?" என்று சின்னத்துரை என்னிடம் கேட்டார்.

"சிரிச்சா," என்றேன். அவருக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்து போனது. பிறகு முகம் இறுகியது.

"எங்கம்மா உங்கள மாதிரி ஆளுங்க காட்டுல களை எடுத்துச்சுங்க. எம்பொண்ணு நான் லாரியில ஏத்துற கல்லையே சோதிக்கிற படிப்புப் படிச்சிருக்கு. நான் யாருகிட்டயும் கும்புடு போட்டு நிக்கல. என் பேத்திக்கு அப்பன் பேரு சரியா இருக்கணும், அவ்வளவுதான்."

"பேரு தப்பா இருந்ததுனால அவளுக்கு இப்ப என்னப்பா கொறஞ்சு போச்சு?" என்றாள் கலைவாணி. குழந்தை அவள் தோளில் எச்சில் ஒழுக விட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தது. "எனக்கு வேண்டியது வேறங்க. நான் வேலைக்குத் திரும்பிட்டேன். அம்மா இல்ல, இவளப் பாத்துக்க ஆள் வெச்சிருக்கேன். வளக்குறதுல பாதி என்னுது, பாதி அவருது. கல்யாணம் கேட்டு வரல. இனிமே அவரே கேட்டாலும் பண்ணிக்க மாட்டேன்."

"அவன் பயந்துட்டாம்மா."

"நானுந்தான் பயந்தேன். நான் நம்பர மாத்தலையே. இவளுக்குப் பதினெட்டு வயசு ஆவுற வரைக்கும் அவரு நம்பர மாத்த முடியாதபடி ஒரு ஆர்டர் வேணுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அவள் விடவில்லை.

"அன்னிக்கு ஓட்டல்ல நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"என்னம்மா?"

"எந்த ஊரு, வூட்ல யாரு இருக்காங்கன்னு. எல்லா அப்பாவும் கேப்பாங்க. சொல்லிரலாம்னு தைரியமா வந்தேன். நீங்க சுண்ணாம்புக்கல்லப் பத்தியே பேசிட்டுப் போயிட்டீங்க."

குழந்தையின் பெயர் யாழினி என்று அவளாகச் சொல்லவில்லை. அது கையை நீட்டியபோது தாத்தா அதட்டினார், அப்போது தெரிந்துகொண்டேன்.

6

கோர்ட்டில் ஏ. செல்வராஜ் என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். போய் நின்றேன். பக்கத்தில் தம்பி வைத்த வக்கீல். என்ன பேச வேண்டும் என்று காலையில் இரண்டு முறை சொல்லிக் கொடுத்திருந்தார். தகப்பன் நீங்களா என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும், அதோடு நிறுத்த வேண்டும்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். கேட்டார்.

"இல்லைங்கம்மா," என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். "தகப்பன் என் மகன். அருண்னு பேரு. எங்க ரெண்டு பேரு பேரும் காகிதத்துல ஒரே மாதிரி வரும். அவன் விலாசம் இந்தச் சீட்டுல எழுதியிருக்கேன்."

வக்கீல் இருமினார். "கேக்காத கேள்விக்கு ஏன் சார் பதில் சொல்றீங்க?" என்று காதோரம் முணுமுணுத்தார்.

மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்தினார். "நீங்க இங்க இதைச் சொல்றது உங்க மகனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா."

"வீட்ல?"

"அதுவும் தெரியாது."

அவர் எழுதிக்கொண்டார். அதையே பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே வந்ததும் கலைவாணியின் வக்கீலம்மா, எதிர்த் தரப்பு என்று பார்க்காமல், எனக்கும் சேர்த்து விளக்கினார். இனி மனு அருண் பேருக்கு மாறும். தாலி கட்டவில்லை என்பதால் தகப்பன் பொறுப்பு குறையாது, பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அவன் தகப்பன் இல்லை என்று மறுத்தால் பரிசோதனை. பரிசோதனைக்கும் வரமாட்டேன் என்றால் அதையே அவனுக்கு எதிராகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். சான்றிதழில் பெயரைத் திருத்த, அவனே ஒப்புக்கொண்டு தாயோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கோர்ட் உத்தரவு வேண்டும்.

பெரம்பலூர் திரும்பும் பஸ்ஸில் மனோகரன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். சிமென்ட் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன.

"உன் புள்ளைய நீயே காட்டிக் குடுத்துட்டண்ணே," என்றான்.

அதற்கு முன்பே அரியலூர் பஸ் நிலையத்திலிருந்து அருணைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன். அவன் போனை வைத்துவிட்டான்.

7

திரும்பி வந்த பிறகு சாந்தி நாலு நாள் சாப்பாடு, மருந்து தவிர வேறு எதையும் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் சொன்னாள்.

"சொல்ல வேண்டியதுதான். என்கிட்ட கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும். அவனப் பெத்தவ நான்."

கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்றிருப்பாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் அவள் சொல் என்றுதான் சொல்லியிருப்பாள். அவள்தானே போய்ப் பாருங்கள் என்று அனுப்பியவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவதை அருண் நிறுத்திவிட்டான். பத்து ஞாயிறு எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். இங்கே ஒரு வக்கீலைப் பிடித்து, தகப்பன் என்று ஏற்கவில்லை என்று அரியலூருக்குப் பதில் அனுப்பினான். இந்தியாவில் வாங்கும் உத்தரவை இங்கே நடைமுறைப்படுத்துவது அவ்வளவு சுலபமில்லை, காலம் கடத்தலாம் என்று அந்த வக்கீல் சொன்னதாகச் சாந்தி மூலம் கேள்விப்பட்டேன். மறுபடியும் ஒரு ஜன்னல். பிள்ளைகளை நாம் வெளிநாட்டுக்குக் கொண்டுவந்தது நல்ல பள்ளிக்கூடம், நல்ல சாலை இவற்றுக்காகத்தான். தப்பித்துப் போக இத்தனை வழி இருக்கும் என்பதை நான் யோசித்ததில்லை.

அவன் மறுத்ததால், பரிசோதனை. அவன் இங்கே மாதிரி கொடுப்பது, குழந்தைக்கு அங்கே எடுப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்தக் கடிதம்தான் என் கைக்கு வந்தது.

போன் செய்து படித்துக் காட்டினேன்.

"நீங்க வர முடியுமா?" என்று கேட்டான். "நீங்க லேப்ல இருக்கிறவங்க. என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

8

புதன்கிழமை பத்தேகாலுக்குப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் காரை நிறுத்தினான். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பார்க்காத ஏழு மாதத்தில் இளைத்திருந்தான். கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்ததை மறுபடி மறுபடி படித்தான்.

"வலிக்குமாப்பா?"

"பஞ்சு சுத்தின குச்சி. கன்னத்துக்கு உள்பக்கம் தேய்ப்பாங்க. அரை நிமிசம்."

"அவளுக்கும் அதேதானா?"

அந்த நாள்வரை அவன் சாந்தியிடம்கூட அந்தக் குழந்தையைக் கேஸ் என்றுதான் சொல்லிவந்தான். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இல்ல. ரத்தம் எடுப்பாங்கன்னு கலைவாணியோட வக்கீலம்மா சொன்னாங்க. அரியலூர்லேர்ந்து வெளியூருக்குக் கூட்டிட்டுப் போவணும்."

"ஊசியா?"

"ம்."

"எங்க குத்துவாங்க?"

"கையில. நரம்பு கெடைக்கலேன்னா மறுபடியும்."

"அழுவாளா?"

ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். "பதினாறு மாசக் கொழந்தை," என்றேன். "ரெண்டு பேரு கையையும் காலையும் புடிச்சுக்குவாங்க. அழுவா."

அவன் கண்ணாடித் துடைப்பானை ஒரு முறை ஓடவிட்டு நிறுத்தினான். வாசல் கதவு தெளிவாகத் தெரிந்தது. ஒரு பெண் கோப்போடு வெளியே வந்து, மழையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"எனக்குத் தெரியும்பா," என்றான்.

"என்ன?"

"டெஸ்ட் இல்லாமலே தெரியும். அவகிட்ட டைம் கேட்டப்பவே தெரியும்."

நான் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினால் நின்றுவிடுவான் என்று பயமாக இருந்தது.

"நான் ஒத்துக்கிட்டா அவளுக்கு எடுக்க மாட்டாங்கல்ல?"

"எடுக்க வேண்டிய தேவை இருக்காது."

பத்து நாற்பது ஆயிற்று. அவன் கதவைத் திறக்கவில்லை. பத்து ஐம்பதுக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. வரவில்லை என்று சொன்னான். வேறு நாள் வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள் போலும், வேண்டாம் என்றான். பிறகு என்னிடம் வக்கீலம்மாவின் எண்ணைக் கேட்டான். அங்கே சாயங்காலம் நாலரைக்குள்தான் இருக்கும், எடுத்துவிட்டார்.

"வணக்கங்க. அருண் பேசறேன்... கலைவாணி கேஸ்ல. ஆமாங்க, லண்டன்தான்." லண்டன் இல்லை, ஆனால் அவன் திருத்தவில்லை. "இல்லைங்க, டெஸ்ட் கொடுக்கல. வேணாங்க, அவளுக்கும் எடுக்க வேணாம். நான் மறுக்கலைங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்லக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டான். தூதரகம், சாட்சி இரண்டு பேர், மாதாமாதம் எந்தத் தேதி. நடுவில் ஒரு கேள்வி கேட்டான், குழந்தையைப் பார்க்க அனுமதிப்பார்களா என்று. அதைத் தன்னால் சொல்ல முடியாது, கலைவாணிதான் சொல்ல வேண்டும் என்று அவர் பதில் சொன்னது எனக்கும் கேட்டது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. முடியாது என்று சொன்னால் அதைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. நாளைக்கு இவன் மனம் மாறாமல் இருப்பானா, அதுவும் தெரியாது. இங்குள்ள வக்கீல் இன்று மாலைக்குள் இன்னொரு வழி சொல்லக்கூடும்.

போனை மடியில் வைத்தான். வண்டியைக் கிளப்பச் சாவியைத் திருகப் போனவன் பாதியில் விட்டுவிட்டான்.

"எறங்கி இந்தப் பக்கம் வா. நான் ஓட்டறேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டேன். எனக்கும் ஓட்டும் நிலை இல்லை. ஆனால் வீட்டில் சாந்தி காத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேரில் ஒருவர் ஓட்டித்தான் ஆக வேண்டும்.